பூட்டிக் கிடக்கும் தோட்டத்து வீடு... ஆள் வரவைக்குமா சூரியகாந்தி?

தென்காசி:

குற்றாலத்தில் சாரல் ஆரம்பிச்சாச்சுன்னா சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை வட்டாரத்தில் ரோட்டோரம் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அருவியில் குளித்த கையோடு சூரியகாந்தி பார்க்க வருகிற கூட்டம் அது. கேரளா நம்பர் வண்டிகளுக்கும் குறைச்சல் இல்லை. 1992-ல் வந்த 'ரோஜா' படத்தை எடுத்த ஊர், 2005-ல் வந்த 'அந்நியன்' படத்துக்கு வர்ணம் அடித்த பாறை என்று சினிமா மவுசு வேறு.

வருகிறவர்கள் வயலுக்குள் இறங்கி போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வயல்காரருக்கு மிச்சம், மிதிபட்ட பாரும் ஒடிந்த தண்டும்தான். எண்ணெய்க்குப் போடும் சூரியகாந்தியில் ஒரு செடிக்கு ஒரே பூ. அதை ஒடிச்சா அந்தச் செடி காலி. மல்லிகை மாதிரி நாளைக்கு இன்னொண்ணு பூக்காது.

சும்மா மிதிச்சுட்டுப் போறவங்ககிட்ட டிக்கெட் போட்டால் என்ன? கர்நாடகா குண்டல்பேட்டையில் விவசாயிகள் அப்படித்தான் காசு வாங்கிக்கொண்டு வயலுக்குள் விடுகிறார்கள். பிள்ளைகள் வெளியூர் போய், பூட்டிக் கிடக்கும் பாட்டன் காலத்து தோட்டத்து வீட்டையும் சேர்த்து சரிபண்ணிவிட்டால், பிளாட் போட நிலம் கேட்டு வருகிறவர்களுக்கு 'இல்லை' என்று சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆனால் கணக்கு பார்த்துத்தான் இறங்கணும்.

பூ நிற்பது கொஞ்ச நாள்!

விதை ஊன்றி 55 முதல் 60 நாளில் பூக்கும். வயல் பார்க்க அழகாக இருப்பது 10, 15 நாள். அப்புறம் தலை கவிழ்ந்துவிடும், 90 நாளில் அறுவடை. 2 ஏக்கரையும் ஒரே நாளில் விதைத்தால் ரெண்டு வாரத்தில் கடையைக் கட்ட வேண்டியதுதான். அரை அரை ஏக்கராக, 10 நாள் இடைவெளி விட்டு விதைத்தால் ஒன்றரை மாதம் பூ காட்டலாம். ஒரு சிக்கல், கடைசியாக முற்றுகிற துண்டுக்கு கிளிக்கூட்டம் மொத்தமாக இறங்கும். காவல் ஆள் போடணும்.

மகரந்தச் சேர்க்கை மும்முரமாக நடப்பது காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை. மணி பிடிக்க ஹெக்டேருக்கு 5 தேனீப் பெட்டி வைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அந்த நேரத்தில் கூட்டத்தை உள்ளே விட்டால் தேனீக்கும் தொல்லை, கொட்டு வாங்கினால் வந்தவருக்கும் தொல்லை. 11 மணிக்கு மேல் விடுவதுதான் நல்லது. பூச்சிமருந்து? பூ இருக்கிற வரை அந்தப் பேச்சே கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சூரியனைப் பார்த்துத் திரும்புவது மொட்டும் இளஞ்செடியும்தான். விரிந்த பூ நாள் முழுக்க கிழக்கே பார்த்தபடி நிற்கும். அதனால் வயலின் கிழக்கு ஓரத்தில் நாலடி நடைபாதை விட்டாலே போதும், எல்லாப் பூவும் முகம் காட்டும். உள்ளே இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

டிக்கெட்டா, எண்ணெய் வித்தா?

2025-26 பருவத்துக்கு சூரியகாந்தி விதையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். ஏக்கருக்கு 5 குவிண்டால் கிடைத்தால் 38,605 ரூபாய். ஆளுக்கு 50 ரூபாய் டிக்கெட் என்றால், இதே காசுக்கு 772 பேர் வரணும். சாரல் இல்லாத வருஷம் அந்தக் கூட்டத்துக்கு எங்கே போவது? எனவே விதைதான் முதல் வருமானம். டிக்கெட் அதுக்கு மேலே வருவது.

வீட்டுக்கு சிமெண்ட் வேண்டாம்

பழைய வீட்டைப் பார்த்ததும் கொத்தனார் முதலில் சொல்வது 'சிமெண்ட் பூசிடலாம்' என்பதுதான். வேண்டவே வேண்டாம்! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக விழும். ஊறவைத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறல் தண்ணீர், கருப்பட்டி என்று பழைய முறையிலேயே பூச வேண்டும். வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அதுக்கும் முன்னால் கூரை. ஓட்டைப் பிரித்து, கரையான் அரித்த பனஞ்சட்டத்தை மட்டும் மாற்றி, உடையாத ஓட்டை திரும்பப் போடலாம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு சுவர் எழுப்பாமல் ஒரு ஆளைக்கூட உள்ளே விடக்கூடாது. குழந்தைகளோடு வருகிற கூட்டம் இது.

கையெழுத்து வாங்கியாச்சா?

வீடும் நிலமும் கூட்டுப் பட்டாவில் இருந்தால் அண்ணன் தம்பி சம்மதம் மட்டும் போதாது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீக சொத்தில் மகளுக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த அக்கா, தங்கச்சியையும் கேட்காமல் லட்சக்கணக்கில் செலவு பண்ணிவிட்டு, பிறகு கோர்ட்டுக்கு அலைவதில் அர்த்தமில்லை.

இலவச விவசாய மின்சாரம் பம்புசெட்டுக்குத்தான். அதிலிருந்து விருந்தாளி ரூமுக்கு வயர் இழுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். டிக்கெட் காசும் விவசாய வருமானம் ஆகாது, வரிக் கணக்கில் தனியாகக் காட்டணும்.

ஓணம் லீவு கூட்டத்தைப் பிடிக்க நினைப்பவர்கள், திருவோணத் தேதியிலிருந்து 60 நாள் முன்னால் எண்ணி முதல் துண்டை விதைக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் அதுவரை தாங்குமா என்று சித்திரையிலேயே பார்த்துவிடுங்கள்.