கூட நின்றவன் கணக்கு

"நான் சும்மா கூடத்தான் நின்னேன்" என்பது கொள்ளை வழக்கில் செல்லாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிக் கொள்ளையடிக்கையில் ஒருவன் கொலை செய்தாலும், காவலுக்கு நின்றவன் உட்பட அத்தனை பேருக்கும் மரண தண்டனை வரை உண்டு. பழைய 396ஆம் பிரிவு. இன்று பாரதிய நியாய சன்ஹிதா 310(3). கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியதற்கான 7 ஆண்டுக் குறைந்தபட்சத் தண்டனை மட்டும் (பழைய 397) அதைப் பயன்படுத்தியவனையே சேரும் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சட்டத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆளைச் சேர்ப்பது யார் என்பதுதான் கேள்வி.

மகாராஷ்டிராவில் 2003இல் நடந்த கொள்ளை, கொலை வழக்கில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேர் பிடிபட்டனர். உயிர் தப்பிய சாட்சி போலீஸ் ஆல்பத்தில் அடையாளம் காட்டியதோ வேறு நால்வரை. அவர்களைத் தேடவே இல்லை. 2009இல் ஆறு பேருக்கும் தூக்கு என்ற உச்ச நீதிமன்றமே, 2019 மார்ச்சில் அனைவரையும் விடுவித்து ஆளுக்கு 5 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர்! 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் ஒழிந்தும் அதன் பேரேடு பலர் மனதில் அப்படியே இருக்கிறது.

வாலிகண்டபுரத்துத் தம்பிகளே, ஸ்டேஷனில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. பெரம்பலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.