புற ஃபிளாஷ் விளக்கு

புற ஃபிளாஷ் விளக்கு என்பது ஒளிப்படக்கருவியுடன் இணைந்து வராமல், தனியாக வாங்கி அதன் மேற்புறத்திலுள்ள ஹாட் ஷூ எனும் பொருத்தியில் செருகிப் பயன்படுத்தப்படும் மின்னணு விளக்கு ஆகும். மின்கலங்களின் ஆற்றல் ஒரு மின்தேக்கியில் சேமிக்கப்பட்டு, செனான் வளிமம் அடங்கிய குழாயின் வழியே மிகக் குறுகிய நேரத்தில் வெளிவிடப்படும்போது ஒளி பளிச்சிடுகிறது.

உள்ளிணைந்த ஃபிளாஷுடன் ஒப்பீடு

கருவியிலேயே அமைந்த ஃபிளாஷ் லென்சுக்கு மிக அருகில் உள்ளது. இதனால் கண்மணிகள் சிவப்பாகப் பதிவாவதும், முகம் தட்டையாகத் தோன்றுவதும், பின்சுவரில் கடுமையான நிழல் விழுவதும் இயல்பு. புற ஃபிளாஷ் லென்சிலிருந்து விலகி இருப்பதாலும், ஆற்றல் மிக்கது என்பதாலும் இக்குறைகள் குறைகின்றன.

வழிகாட்டி எண்

ஃபிளாஷின் ஆற்றல் வழிகாட்டி எண்ணால் குறிக்கப்படுகிறது. இவ்வெண்ணை லென்சின் எஃப்-எண்ணால் வகுத்தால் ஒளி போதுமான அளவில் சென்றடையும் தொலைவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஐஎஸ்ஓ 100 இல் வழிகாட்டி எண் 40 மீட்டர் எனில், எஃப்/4 இல் 10 மீட்டரும் எஃப்/8 இல் 5 மீட்டரும் ஆகும். ஐஎஸ்ஓ 400 ஆக உயர்த்தப்பட்டால் இத்தொலைவு இருமடங்காகும்.

பெட்டியின் மீது அச்சிடப்படும் எண் பெரும்பாலும் ஒளிக்கற்றை குறுக்கப்பட்ட நிலைக்கு உரியது. கேனான் 430இஎக்ஸ் ஃபிளாஷின் எண்ணான 43, 105 மி.மீ. குவியத்தூர நிலைக்கே பொருந்தும். அகன்ற கோணத்தில் அது குறையும். எனவே இரு விளக்குகளை ஒப்பிடும்போது ஐஎஸ்ஓ, குவியத்தூரம் ஆகிய இரண்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

திரும்பும் தலை

தொடக்கநிலையாளர் முதலில் கவனிக்க வேண்டியது, விளக்கின் தலை மேலும் கீழும் மட்டுமன்றி பக்கவாட்டிலும் திரும்புமா என்பதாகும். வெண்ணிறக் கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பும் ஒளி பரந்து மென்மையாகிறது. வண்ணச் சுவராயின் அந்நிறம் படத்திலும் படியும். இம்முறையில் ஒளி கடக்கும் தொலைவு கூடுவதோடு கூரையும் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுவதால், சிறிய அறைக்கும் ஆற்றல் மிக்க விளக்கு தேவைப்படலாம்.

தானியங்கு முறையும் கைமுறையும்

லென்சின் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷின் அளவைக் கட்டுப்படுத்தும் முறை டிடிஎல் எனப்படும். 1975 இல் வெளிவந்த ஒலிம்பசு ஓஎம்-2 இவ்வசதியைக் கொண்டிருந்தது. திருமண விழா போன்று தொலைவு மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் இது உதவும். கைமுறை விளக்குகள் விலை குறைந்தவை. அசையாப் பொருள்களைப் படமெடுக்கவும் ஒளியமைப்பைக் கற்கவும் போதுமானவை.

பொருத்தம்

டிடிஎல் தொடர்பு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே, கோடாக்சு போன்ற பிற நிறுவன விளக்குகளை வாங்குவோர் தம் கருவிக்குரிய வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1988 இல் மினோல்டா அறிமுகப்படுத்திய தனிவகைப் பொருத்தியைப் பின்னர் சோனியும் பயன்படுத்தி, 2012 முதல் வேறு வகைக்கு மாறியது. 2019 இல் வெளியான கேனான் ஈஓஎஸ் 250டி (இந்தியாவில் 200டி II) கருவியின் பொருத்தியில் நடு மின்தொடுமுனை இல்லை. எனவே அதனை மட்டுமே நம்பி இயங்கும் எளிய கைமுறை விளக்குகள் இதில் ஒளிரா.

பழைய விளக்குகள்

சில பழைய ஃபிளாஷ்களின் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. இவற்றை எண்ணிமக் கருவியில் பொருத்தினால் அதன் மின்சுற்று பழுதடையக்கூடும். பொருத்துவதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து, கருவியின் கையேட்டில் கூறப்படும் வரம்புடன் ஒப்பிடுதல் வேண்டும். அணைத்த பின்னரும் மின்தேக்கியில் ஆபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்பதால் எந்த ஃபிளாஷையும் பிரித்துப் பார்த்தல் கூடாது.

பிற கூறுகள்

பல கருவிகளில் ஃபிளாஷுடன் ஒத்திசையும் உச்ச ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடி ஆகும். வெயிலில் இதனினும் விரைவான வேகம் தேவைப்படுவோர் அதிவேக ஒத்திசைவு வசதியுள்ள விளக்கை நாடலாம். எனினும் அம்முறையில் ஒளியின் வலிமை குறையும். நான்கு ஏஏ மின்கலங்களில் இயங்கும் விளக்குகளுக்கு, மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை மின்கலங்கள் ஏற்றவை. இவை சாதாரண மின்கலங்களைவிட விரைவில் ஃபிளாஷை அடுத்த படத்துக்கு ஆயத்தமாக்குகின்றன.