உஷார்! கரண்ட் போன நேரம் பாத்றூம் ஃபானைக் கழற்றாதீர்கள்

பாத்றூம் எக்ஸோஸ்ற் ஃபான் சுற்றாமல் நின்று கிழமைக்கணக்காகிறது. இன்றைக்கு ஞாயிறு, வீட்டில் நிற்கிறீர்கள், கரண்டும் போய்விட்டது. "இதுதான் நல்ல நேரம், ஷொக் அடிக்காது" என்று ஸ்ரூலைத் தூக்குகிறீர்களா? அப்படியே இறக்கி வையுங்கள்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் ஞாயிற்றுக்கிழமைதான். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம், இலங்கை முழுக்கக் கரண்ட் இல்லை. குரங்கை வைத்துப் பகிடி விட்டதோடு கதை முடிந்தது. ஆனால் கரண்ட் திரும்பி வந்த விதத்தை யாரும் கவனிக்கவில்லை. ஒரேயடியாக வரவில்லை, பகுதி பகுதியாக வந்தது. உங்கள் ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோதாவது கையில் ஓர் அட்டவணை இருந்தது. மாரிக்காற்றில் முறிந்த கொப்பு லைனில் விழுந்து போகிற கரண்டுக்கு அட்டவணை ஏது? கொப்பை வெட்டி எடுத்துவிட்டு லைன்காரர் பியூஸைப் போட்ட அந்த நொடியே 230 வோல்ற் உங்கள் விரலுக்கு வந்துவிடும்.

ஆகவே கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெயின் சுவிச்சை உங்கள் கையால் நிற்பாட்டுங்கள். அதன் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். "ஏன் லைற் எரியேல்லை?" என்று யாராவது வந்து அதைத் தூக்கிவிடுவது எங்கள் வீடுகளில் நடக்காத காரியமா?

ஃபான் சுவிச்சை மட்டும் நிற்பாட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதவே போதாது. சுவிச் வெட்ட வேண்டியது லைவ் வயரை. வயரிங் செய்தவர் மாற்றிக் கொடுத்து நியூட்ரலை வெட்டியிருந்தால் ஃபான் நிற்கும், ஆனால் அதன் கனெக்ரர் வரைக்கும் லைவ் வந்து காத்துக்கொண்டிருக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்தச் சந்தேகம் எனக்குக் கொஞ்சம் கூடுதல். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா உதவியோடு 550 சதுர அடியில் எழும்பிய வீடுகளைப் பாருங்கள். வெளிநாட்டுக் காசு வந்ததும் பலர் பின்னால் ஓர் அறையும் அற்றாச் பாத்றூமும் இழுத்தார்கள். வயரையும் கிட்ட இருந்த அறையிலிருந்தே இழுத்தார்கள். பழைய பக்கத்தில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதிய பக்கத்தில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். நடுவில் கடையில் கிடைத்த நிறத்தில் ஒரு துண்டு. நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள்.

ரெஸ்ரரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். காய்ந்த மர ஏணியில் நிற்பவரின் கையில் அந்தச் சின்ன நியோன் லைற் மங்கித்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் சிலவேளை கண்ணுக்கே தெரியாது. மெயினை நிற்பாட்ட முதல், வேலை செய்கிற பிளக் ஒன்றில் குத்தி ரெஸ்ரர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இன்வேர்ட்டரோ சோலார் பற்றரியோ இருக்கும் வீடென்றால் இன்னும் மோசம். மெயின் விழுந்த கையோடு அது பின்வாசலால் கரண்ட் தரத் தொடங்கும். அதையும் நிற்பாட்டுங்கள்.

இனி றிப் சுவிச். எங்கள் வீட்டு ஏர்த் என்பது முற்றத்தில் அடித்த ஒரு கம்பி. ஆடி ஆவணி வெய்யிலில் வன்னி மண் வெடித்துக் கிடக்கும்போது அந்தக் கம்பி பெயருக்குத்தான் ஏர்த். கசிகிற கரண்ட் பிரேக்கரை விழுத்தும் அளவுக்கு அதனூடாகப் பாயாது. அந்த நேரம் ஆளைக் காப்பாற்றக்கூடியது 30 மில்லி அம்பியர் றிப் சுவிச் ஒன்றுதான். அதைத்தான் "இடி இடிச்சாலே விழுகுது, பெரிய கரைச்சல்" என்று நேர் வயர் கொடுத்து ஒதுக்கிவிடுகிறார்கள்! உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு 'உதவி' நடந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாதம் ஒருமுறை அதன் ரெஸ்ற் பொத்தானை அமத்துங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள். விழுந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு கையில் லைவ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், அதன் கணக்கில் நீங்களும் ஒரு பல்ப்தான். அது விழாது.

இவ்வளவும் சரியாகச் செய்தவரும் விழுகிற இடம் ஒன்றிருக்கிறது, கொமட்டின் மேல். ஃபான் பெரும்பாலும் கொமட்டுக்கு நேர் மேலே, சீலிங்கை ஒட்டியிருக்கும். ஏணி விரிக்க இடமில்லை என்று கொமட் மூடியில் ஒரு கால், தண்ணித் தாங்கியில் மறு கால். பீங்கான் உடைந்தால் விளிம்பு கத்தி போல வெட்டும். ஃபான் கப்பாசிற்றரில் தேங்கிய கரண்ட் ஆளைக் கொல்லாது, சுள்ளென்று ஒரு தட்டுத் தட்டும். அந்த உயரத்தில் ஆளை விழுத்த அந்தத் தட்டுப் போதும்.

வெளியால் கூரையில் ஏறிச் செய்கிறேன் என்பவர்களுக்கும் அதே கதைதான். அஸ்பெஸ்ரஸ் சீற் ஆள் பாரத்துக்கு உடையும். அதைத் துளைத்தால் எழும்பும் தூசி சுவாசப்பைக்குக் கேடு. அஸ்பெஸ்ரஸைத் தடை செய்யப் போகிறோம் என்ற அரசாங்கம், அதை எங்களுக்கு விற்கும் ரஷ்யா 2017 டிசம்பரில் பொதியில் வண்டு இருந்ததென்று எங்கள் தேயிலையை மறித்ததும் பின்வாங்கியது. ஆகவே உங்கள் சுவாசப்பையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நின்றுபோன ஃபானின் வெளி மூடிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தட்டிப் பார்க்காமல் கையை விடாதீர்கள்.

ஃபானைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், "தேர்மல் பியூஸ்தான் போயிருக்கு, நேரா குடுத்துவிடுறன்" என்று ஒருவர் சொல்லலாம். விடாதீர்கள். மோட்டர் இறுகிச் சூடேறினால் தீப்பிடிக்காமல் வெட்டுவதற்குத்தான் அந்தப் பியூஸ் இருக்கிறது. புதிது வாங்கும்போது ஐபிஎக்ஸ் 4 குறியீடு இருக்கிறதா, சுவர்த் துளை எத்தனை அங்குலம் என்று பார்த்து வாங்குங்கள். பொருத்துவதற்குப் பயிற்சி பெற்ற எலெக்ரீசியனைக் கூப்பிடுங்கள். உயரத்தில், ஈரச் சுவருக்குப் பக்கத்தில் செய்யும் வேலையில் கூலி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ஒருவர் கரண்டில் ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள், முதலில் மெயின். பிறகு 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. லைன் கோளாறுக்கு 1987. ஒட்டுசுட்டான் பக்கம், துணுக்காய்ப் பக்கம் உள்ளே இருப்பவர்கள் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அமத்தி முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவராவது வீட்டில் இருக்கும்படி பாருங்கள். மெயின் சுவிச் எதுவென்று அம்மம்மா முதல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் இன்று பின்னேரமே காட்டிவிடுங்கள்.