மரபு புளூஸுக்கு ஒரு கிராமி

அமெரிக்காவின் ரெக்கார்டிங் அகாதெமி 1959 முதல் வழங்கிவரும் கிராமி விருதுகளில் புளூஸ் இசைக்கென்று 'மரபு புளூஸ்' என்ற தனிப் பிரிவு தோன்ற 1983ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. ராக் இசையின் வேர்களில் ஒன்றாக விளங்கிய ஓர் இசைவகைக்கு இது மிகவும் தாமதமான அங்கீகாரம் என்றே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே உருவான இவ்விசையில், பல பாடல்களில் முதலடி இருமுறை பாடப்பட, மூன்றாமடி அதற்கு விடைபோல் அமையும். சில சுரங்களைச் சற்றே தாழ்த்தி, வளைத்து இசைப்பது இதன் தனி அடையாளம்.

தனிப் பிரிவு இல்லாத காலத்தில் புளூஸ் கலைஞர்கள், பல நாட்டு நாட்டுப்புற இசையையும் ஒரே கூரையின்கீழ் அடக்கிய 'இனக்குழு அல்லது மரபிசை' என்ற பிரிவில் போட்டியிட்டார்கள். 1971இல் அதன் முதல் விருதை டி-போன் வாக்கர் பெற்றார்; சிகாகோ நகரின் மின்கிட்டார் புளூஸுக்கு உருவம் கொடுத்த மடி வாட்டர்ஸ், 1972க்கும் 1980க்கும் இடையே ஆறுமுறை அதனை வென்றார். ஆயினும் புளூஸ் என்ற பெயர் தாங்கிய கிராமி அவர் கைக்கு வரவேயில்லை. அவ்விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1983ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் அவர் காலமானார். அந்த முதல் விருதைப் பெற்றவரோ, புளூஸ் கலைஞர் என்ற ஒற்றை முத்திரையை விரும்பாத, பித்தளைக் காற்றுக் கருவிகளின் பின்னணியோடு ஸ்விங் ஜாஸையும் கலந்து வாசித்த கிளாரன்ஸ் 'கேட்மவுத்' பிரவுன்.

எது மரபு என்ற எல்லையும் தெளிவாக இருந்ததில்லை. ஆல்பர்ட் காலின்ஸ், ஜானி கோப்லேண்ட் ஆகியோருடன் இணைந்து உருவாக்கிய 'ஷோடவுன்' தொகுப்புக்காக 1987இல் மரபு புளூஸ் விருது பெற்ற ராபர்ட் கிரே, மறு ஆண்டே புதிதாகத் தொடங்கப்பட்ட தற்கால புளூஸ் பிரிவின் முதல் விருதையும் பெற்றார். ஓராண்டில் ஒரு கலைஞர் மரபிலிருந்து தற்காலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பதைவிட, வேலி வசதிக்கேற்ப நடப்பட்டது என்று கொள்வதே பொருந்தும். மின்கிட்டாரால் புகழ்பெற்ற பி. பி. கிங்கும் மரபு புளூஸ் பிரிவில் பத்துமுறை வென்றார். அவற்றுள் ஒன்று கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்புக்குக் கிடைத்தது.

முதுமையிலும் இறப்புக்குப் பின்னரும் வந்து சேர்ந்த பெருமைகள் இப்பட்டியலில் ஏராளம். நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் புரொஃபஸர் லாங்ஹேர் 1980இல் மறைந்தார்; விருது 1988இல் வந்தது. மிசிசிப்பி டெல்டா மரபின் மூத்தவர்கள் நால்வர் டல்லஸ் நகர மேடையில் வாசித்த பதிவு 2008இல் வென்றபோது, அவர்களுள் ஹென்றி டவுன்செண்டும் ராபர்ட் லாக்வுட் ஜூனியரும் உயிருடன் இல்லை. எஞ்சியவர்களில் ஒருவரான பைன்டாப் பெர்கின்ஸ் 2011 பிப்ரவரியில், தம் 97ஆம் வயதில், மீண்டும் வென்று, மறுமாதமே காலமானார்.

அதே ஆண்டு ஏப்ரலில் அகாதெமி தன் 109 பிரிவுகளை 78ஆகக் குறைத்தபோது, மரபு, தற்காலம் என்ற இரண்டும் ஒரே புளூஸ் பிரிவாக இணைக்கப்பட்டன. சிறுபான்மை இசைவகைகளே இதில் பெரிதும் இழந்தன என்ற எதிர்ப்பு எழுந்தது. 2017இல் பிரிவுகள் மறுபடி தனித்தனியானதும், பல பத்தாண்டுகளாகத் தென்மாநிலங்களின் கறுப்பின ரசிகர்களுக்காகப் பாடிவந்த பாபி ரஷ், 83ஆம் வயதில் மரபு புளூஸ் பிரிவில் தம் முதல் கிராமியைப் பெற்றார். அடுத்த ஆண்டு அவ்விருது ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவுக்குச் சென்றது. பெரும்பாலும் சிகாகோ புளூஸ் பாடல்களை மறுபடி பாடிய அவர்களது 'புளூ அண்ட் லோன்சம்' தொகுப்பில் அவர்களே இயற்றிய பாட்டு ஒன்றுகூட இல்லை. பல துறை இசையினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு விருதில், உலகறிந்த பெயர்கள் முந்திக்கொள்வது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனாலும் 2022இல், வட மிசிசிப்பியின் குன்றுப்பகுதி புளூஸைத் தம் பாட்டனார் ஆர். எல். பர்ன்சைடிடமிருந்து பெற்ற செட்ரிக் பர்ன்சைட், தம் நாற்பதுகளிலேயே இவ்விருதை வென்றார்.