இளைஞர் மனநலமும் மாவட்ட நிருவாகமும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் ஒட்டி அமைந்திருப்பது சித்தூர் மாவட்டம். நிலக்கடலை, கரும்பு, மா ஆகியவற்றை நம்பி வாழும் இப்பகுதியில் வறட்சி புதியதன்று. எனவே சிறு விவசாயக் குடும்பங்கள் பல, தம் எதிர்காலத்தைப் பிள்ளைகளின் படிப்பிலேயே முதலீடு செய்து வருகின்றன. 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தோன்றியதன் பயனாகத் திருப்பதி ஒரு கல்வி நகரமாக வளர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பின்னரும் சித்தூர்ப் பகுதி மாணவர்கள் அங்கே விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர்.

பதினைந்து, பதினாறு வயதில் வீட்டைப் பிரிந்து, தேர்வு ஒன்றையே குறியாகக் கொண்டு வாழும் இம்மாணவருக்கென வாங்கிய கடன், கட்டிய கட்டணம், பெற்ற மதிப்பெண் ஆகிய அனைத்தும் கணக்கில் ஏறுகின்றன. அவருடைய மனநிலை மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நோயின் பரப்பு

உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டிற்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் 13 முதல் 17 வயதினரிடையே இவ்விகிதம் 7.3 சதவீதம் எனக் கண்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தற்கொலையால் உயிரிழந்த மாணவர் தொகை 13,044 எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இம்மரணங்களுக்குக் காரணம் தேர்வு ஒன்றே எனக் கொள்ளுதல் தவறாகும். குடும்பச் சூழல், தனிமை, கண்டறியப்படாத நோய் எனப் பல காரணங்கள் ஒன்றுகூடியே ஓர் இளைஞரை அந்நிலைக்குத் தள்ளுகின்றன.

சோம்பலா, நோயா?

மனச்சோர்வு நோய் சாதாரணக் கவலையினின்றும் வேறானது. இரண்டு வாரங்களுக்கு மேலாக நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, தன்னையே இழிவாகக் கருதுதல் ஆகியன இதன் அடையாளங்கள். வளரிளம் பருவத்தினரிடம் துயரத்தைவிட எரிச்சலே மேலோங்கி நிற்பதும் உண்டு. தலைவலி, வயிற்றுவலி என உடல் வழியாகவும் இந்நோய் வெளிப்படும். இவற்றை ஆசிரியர் சோம்பல் என்றும், பெற்றோர் பிடிவாதம் என்றும் எண்ணிக் கண்டிக்கின்றனர். உதவி வேண்டிய நேரத்தில் கிடைக்கும் கண்டிப்பு நோயை மேலும் வளர்க்கிறது. "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று பரிவுடன் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சமும் ஆதாரமற்றது. அக்கேள்வியே பலருக்கு மனந்திறக்க வாய்ப்பளிக்கிறது. உளவியல் ஆலோசனையாலும், தேவைப்படின் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் மருந்தாலும் இந்நோயிலிருந்து மீள முடியும்.

அமைப்புகள் உண்டு, இணைப்பு வேண்டும்

தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தால் மனநோய் சிகிச்சையைக் கிராமத்திற்கே கொண்டுசெல்லலாம் என்பதை, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 1980களில் பெல்லாரி மாவட்டத்தில் மெய்ப்பித்தது. அம்முன்மாதிரியை ஒட்டி 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் பொறுப்பை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின்மீது சுமத்தியது. 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம். திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும் உள்ளது. எனினும் குப்பத்திலிருந்து அங்கே வர 150 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தாக வேண்டும். மருத்துவமனையின் வாயிலுக்கு மாணவரை அழைத்துவர ஒருவர் தேவை. அவர் பெரும்பாலும் விடுதிக் காப்பாளராகவோ, விரிவுரையாளராகவோ, உடன் பயிலும் நண்பராகவோ இருப்பார்.

விசாகப்பட்டினத்தில் தங்கிப் பயின்ற மாணவி ஒருவரின் மரணம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று அளித்த தீர்ப்பு இவ்விணைப்பையே வலியுறுத்துகிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமித்தல் வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவரைத் தனி வகுப்புகளாகப் பிரித்தல் கூடாது. ஊழியர்க்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளித்தல் வேண்டும். உதவித் தொலைபேசி எண்களை விடுதிகளில் எழுதி வைத்தல் வேண்டும். இவற்றைக் கண்காணிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைக்கவும் அத்தீர்ப்பு பணித்தது.

நிருவாகத்தின் கடமை

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடலாகாது. விடுதிகளை ஆய்வு செய்யும் அதிகாரி, சமையலறையையும் குடிநீரையும் பார்ப்பதுபோலவே, ஆலோசகர் உள்ளாரா, மாணவர் அவரைத் தனியே சந்திக்க இயலுகிறதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் கூடுதல் விழிப்புடன் இருத்தல் நலம். தோல்வியுற்றவருக்கு மறுதேர்வு, தொழிற்பயிற்சி முதலிய வழிகளை முன்கூட்டியே எடுத்துரைப்பதும் மனநலப் பணியே ஆகும்.

இதற்கு ஆகும் செலவு, ஒரு குடும்பம் தன் பிள்ளையின் கல்விக்குச் செய்த செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிதே. மனித வளமே நாட்டின் தலையாய செல்வம் என்பது உண்மையாயின், அவ்வளத்தின் உள்ளத்தைக் காப்பதும் திட்டமிட்ட வளர்ச்சியின் ஒரு பகுதியே ஆகும்.