தரையோடு படரும் வாயு

வீட்டில் சிலிண்டர் வெடித்ததாக வரும் செய்திகளோடு வெளியாகும் படங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று உறுத்தும். சுவர் சரிந்திருக்கும், ஜன்னல் பெயர்ந்து தெருவில் கிடக்கும். ஆனால் பல படங்களில் சிவப்புச் சிலிண்டர் இடிபாடுகளுக்கு நடுவே உடையாமல் நிற்கும். வெடித்தது அந்த அறையில் காற்றோடு கலந்து நின்ற கேஸ். நம் அச்சம் முழுவதும் இரும்பின்மேல் இருப்பதால் டியூப், தரை, கதவு, ரெகுலேட்டர் என்று உண்மையில் கவனிக்க வேண்டியவை கவனத்துக்கு வருவதில்லை. சமையல் எரிவாயு பற்றிய தவறான எண்ணங்கள் பலவும் இந்த ஒரே பிழையிலிருந்து கிளைத்தவை.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவமும் அதன் ஆவியும். அங்கே காற்று கிடையாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எதுவும் எரியாது. உள்ளே அழுத்தம் பல மடங்கு அதிகம் என்பதால் வாயு வெளியே மட்டுமே பாயும். அடுப்பு நெருப்பு டியூப் வழியாகப் பின்னோக்கி ஓடிச் சிலிண்டருக்குள் புகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. காற்றில் ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் இந்த வாயு பற்றும். இரண்டு சதவீதம் சேர நிறையக் கசிய வேண்டும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அப்படியில்லை. இது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அசைவில்லாத அறையில் தரையோடு படரும். 10 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள சமையலறையில், தரைக்கு மேல் ஓரடி உயரம்வரை அந்த அளவை எட்ட 45 லிட்டர் வாயு போதும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால், திரவக் கணக்கில் அது ஒரு டம்ளர்கூட நிறையாது. பால் பொங்கி அணைந்துபோன பெரிய பர்னரை முழுதாகத் திறந்தபடி ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் அவ்வளவும் வெளியே வந்திருக்கும். நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றில், நெருப்பு அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் கருவி இல்லை.

கேஸ் மேலே போய்விடும், மேல் ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்று நம்புவதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் இதனால்தான் ஆபத்து. ஃபேன் கூரையோரம் இருக்கிறது, வாயு காலடியில் இருக்கிறது. அதைவிட, சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறியே போதும். இந்தக் கலவையைப் பற்றவைக்கத் தேவையான ஆற்றல் ஒரு மில்லிஜூலில் கால் பங்குதான். ஏற்கெனவே எரியும் விளக்கை அணைப்பதும் கூடாது, அணைந்திருப்பதைப் போடுவதும் கூடாது. யாரும் தொடாமலே ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்; சமையலறை மூலையில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். காற்றோட்டம் இருந்தால் வாயு கலந்துவிடுமே, தரையில் எப்படித் தங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்றாகக் கலந்துவிட்ட வாயு மறுபடி பிரிந்து கீழே இறங்காது என்பதும் உண்மை. ஆனால் கசிவு நடப்பது பெரும்பாலும் பூட்டிய வீட்டில், இரவில், காற்று அசையாத நேரத்தில். அப்போது தரைமட்டம்வரை திறக்கிற ஒரே வழி கதவு. சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவுபோட்ட அலமாரிக்குள் அடைத்துவைக்கும் புதிய பாணிச் சமையலறைகள் எனக்குப் பெரும் கவலை தருகின்றன. அந்த அலமாரியின் அடிப்பகுதியில் துவாரங்கள் இல்லாவிட்டால் அது வாயுவைச் சேர்த்துவைக்கும் பெட்டி.

கசிந்தால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்பது பாதிதான் சரி. எரிவாயுவுக்கு இயல்பில் மணமே இல்லை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் பள்ளியில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வாயுவில் மணம் சேர்ப்பது அங்கே கட்டாயமாயிற்று. நம் சிலிண்டர்களில் சேர்க்கப்படும் மெர்காப்டன், வாயு பற்றும் அளவை எட்டும் முன்பே மூக்கில் தட்டும். ஆனால் அதே மணத்தில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு பழகி மரத்துவிடும். சளி பிடித்தவருக்கும் உறங்குபவருக்கும் அது உதவாது.

ஆகவே மூக்கை நம்புவதைவிட ரெகுலேட்டரை மூடுவது மேல். அடுப்பின் குமிழைத் திருப்பியாயிற்றே, அது போதாதா என்பார்கள். அடுப்பின் குமிழ் டியூபுக்கு அந்தப் பக்கம், ரெகுலேட்டர் இந்தப் பக்கம். குமிழை மட்டும் மூடினால் இரவு முழுவதும் டியூபில் வாயு அழுத்தத்தோடு நிற்கும். எலி கடித்தாலோ ரப்பர் வெடித்தாலோ அங்கிருந்து கசியும். சிலிண்டரின் மேல்வளையத் தகட்டில் உள்ள எழுத்தை ‘எக்ஸ்பயரி’ என்று சொல்லி வாட்ஸ்அப்பில் பரப்புகிறோம். அது அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலாண்டையும் ஆண்டையும் குறிப்பது. ஏ என்றால் மார்ச்சில் முடியும் காலாண்டு, டி என்றால் டிசம்பரில் முடிவது. கெடு தாண்டிய சிலிண்டரைத் திருப்பித் தருவது சரிதான். ஆனால் ஐந்தாண்டில் மாற்ற வேண்டிய ஆரஞ்சு நிற டியூபின் தேதியை எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள்? வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் வாஷர் நைந்திருக்கிறதா என்று புதுச் சிலிண்டர் வரும்போதே சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, தேடுகிற ஆபத்தைக் கையாலேயே வரவழைப்பது.

தீரப்போகும் சிலிண்டரைப் படுக்கவைப்பதும் கவிழ்ப்பதும் பல வீடுகளில் பழக்கம். நிமிர்ந்து நிற்கும்போது மேலே உள்ள ஆவி மட்டுமே வெளிவரும். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கி, விரிந்து, அடுப்பில் சீறும்.

குடிசைத் தீயில் சிலிண்டர்கள் உண்மையிலேயே வெடிக்கின்றனவே என்ற மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆம், வெடிக்கின்றன. வெளியே எரியும் நெருப்பு உள்ளே அழுத்தத்தை ஏற்றி, இரும்பையும் இளக்கும்போது சிலிண்டர் பிளக்கும். அங்கே தீ முதலில், சிலிண்டர் பிறகு. காரணத்தை விசாரிக்காமல் சிலிண்டர்மேல் போடும் பழக்கத்துக்கு 2015 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் பெட்லாவத் நகரில் நடந்தது சாட்சி. உணவகச் சிலிண்டர் வெடித்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். பெரும் சேதத்துக்குக் காரணம் அருகில் பதுக்கியிருந்த ஜெலட்டின் குச்சிகள் என்று பின்னர் தெரிந்தது. வாயு உண்மையிலேயே காரணமாகும்போது எப்படி நடக்கும் என்பதை 2012 ஆகஸ்டில் கேரளத்தின் கண்ணூர் அருகே சாலா காட்டியது. கவிழ்ந்த டேங்கர் லாரியிலிருந்து வழிந்த வாயு சாலையோரமாகப் பரவி, பக்கத்து வீடுகளை எட்டிய பிறகே பற்றியது. வாசனை வந்ததும் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வீட்டிலுள்ள எல்லோரும் வெளியேறிவிட வேண்டும்; மெயின் சுவிட்ச் வெளியே இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். 1906 என்ற அவசர எண்ணையும் வெளியே, தள்ளி நின்றுதான் அழைக்க வேண்டும்.