பெண்களுக்கு மூடியிருந்த மலை

யப்பானின் மூன்று புனித மலைகளுள் ஒன்று தத்தேயாமா. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் தீட்டு என்று சொல்லி, அதன் உச்சிக்குப் பெண்கள் செல்வதைப் பல நூற்றாண்டுகளாகத் தடுத்து வைத்திருந்தார்கள். இத்தகைய தடைகளை அந்நாட்டு அரசாங்கம் 1872ஆம் ஆண்டில்தான் நீக்கியது.

பயிற்சியொன்றுக்காக யப்பான் சென்றிருந்த வேளை, செப்டெம்பர் மாத இறுதியில் கிடைத்த விடுமுறை நாளொன்றில், உடன் பயின்ற மூன்று பெண்களோடு இம்மலைக்குச் சென்றேன். முரோதோ என்ற இடம்வரை பஸ் செல்கிறது. அதன் உயரம் 2,450 மீற்றர். எமது நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான். நடையைத் தொடங்கும் இடமே ஏறக்குறைய அவ்வளவு உயரம்! அங்கிருந்து 3,003 மீற்றர் உயரமான ஒயாமா உச்சிக்கு இரண்டு மணி நேரம் ஏற வேண்டும்.

அங்கே அது இலையுதிர் காலம். சரிவெங்கும் செடிகள் சிவந்தும் மஞ்சளித்தும் கிடந்தன. முதல் ஒரு மணி நேரம் கல் பதித்த பாதை. அதன்பின் செங்குத்தான ஏற்றம். காலடியில் கற்கள் உருண்டன. கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினோம். எழுபது வயது மதிக்கத்தக்க இரு பெண்கள் ஊன்றுகோலுடன் எங்களை முந்திச் சென்றனர். உச்சியில் ஒரு சிறு ஆலயம். அதன் முன்னால் ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே வணங்கி நின்றார்கள்.

முரோதோவுக்கு அருகில் செந்நிறக் குளமொன்று உண்டு. 'இரத்தக் குளம்' என்பது அதன் பெயர். தீட்டுப்பட்ட பெண்கள் இறந்த பின் இரத்தக் குள நரகத்தில் விழுவார்கள் என்று முன்னர் போதித்தார்கள். உண்மையில் அந்த நீரைச் சிவக்க வைப்பது இரும்பு.

மலையேற அனுமதியில்லாத பெண்களுக்கு அடிவாரக் கிராமத்தில் வேறொரு சடங்கு வைத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில், வெள்ளுடை உடுத்து, கண்களைக் கட்டிக்கொண்டு, வெள்ளைத் துணி விரித்த பாலமொன்றை அவர்கள் கடக்க வேண்டும். பாலத்துக்கு இப்பால் எம்மாவின் மண்டபம். எம்மா வேறு யாருமல்ல, நாம் அறிந்த யமன்தான். நின்றுபோயிருந்த இச்சடங்கு 1996இல் மீண்டும் நடத்தப்பட்டது. இப்போது அது ஒரு பண்பாட்டு நிகழ்வு. மலையோ எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

தடை நீங்கி 103 ஆண்டுகளில், 1975 மே 16ஆம் திகதி, எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த உலகின் முதற் பெண் என்ற பெருமையைப் பெற்றவர் யுன்கோ தாபெய் என்ற யப்பானியத் தாய். பெண்களின் கால்கள் புதிதாகப் பலம் பெற்றுவிடவில்லை. மனிதர் போட்ட விதியை மனிதரே எடுத்தார்கள், அவ்வளவுதான்.

சகோதரிகளே, எங்கள் ஊர்களிலும் இப்படியான விதிகள் உண்டு. யுத்தத்தில் கணவரை இழந்த தாய், தான் தனியாகப் பாடுபட்டு வளர்த்த மகளின் கல்யாணத்தில் அடுப்படியில் ஒதுங்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஆரத்தி எடுக்க வேறொரு பெண்ணைத் தேடுகிறார்கள். இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே இதை நீக்க அரசாணையும் தேவையில்லை. "அம்மா, நீங்கள் முன்னுக்கு வாருங்கள்" என்று மகள் அழைத்தால் போதும். அவள் அழைக்கத் தயங்கினால், பக்கத்தில் நிற்கும் நாம் அந்தத் தாயின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துச் செல்வோம்.